மோழைக் காளைகளும் ஆறு வண்டிக் கல்லும்

1873 இலையுதிர்காலத்தில் கன்சாஸ் சிட்டியில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்கு இரண்டு காளைகளை ஓட்டிவந்தார்கள். கன்னங்கரேல் என்ற உடம்பு. தலையில் கொம்பு முளைத்த அடையாளம்கூட இல்லை. டெக்சஸிலிருந்து மந்தை மந்தையாக வந்துகொண்டிருந்த நெடுங்கொம்பு மாடுகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த மோழைகள் மாட்டுச் சாதியாகவே தெரியவில்லை. ஏதோ பிறவிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். அவற்றைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் கிராண்ட். ஸ்காட்லாந்தில் பிறந்து, லண்டனில் பட்டு வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். மேற்குக் கன்சாஸில் ரயில் கம்பெனியிடம் பெரும் நிலப்பரப்பை வாங்கி, ராணியின் நினைவாக விக்டோரியா என்று பெயர் வைத்து, பிரிட்டிஷ் கனவான் குடும்பத்துப் பிள்ளைகளை அங்கே குடியேற்றினார். அவர் கப்பலில் இறக்கிய நான்கு ஆங்கஸ் இனக் காளைகளில் இரண்டுதான் கண்காட்சிக்குப் போனவை.

அந்தப் பிள்ளைகள் குதிரையேறி வேட்டைக்குப் போனார்கள். மண்ணைக் கிளறும் வேலையில் அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை. 1878இல் கிராண்ட் இறந்தார். குடியேறியவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். நெடுங்கொம்புப் பசுக்களுக்கு அந்தக் காளைகளால் பிறந்த கன்றுகள் மட்டும் கறுப்பாக, கொம்பில்லாமல், குளிரைத் தாங்கி நின்றன. இன்று அமெரிக்க உணவகங்களில் ‘ஆங்கஸ்’ என்று எழுதிப் போட்டால் இறைச்சிக்குக் கூடுதல் விலை கேட்கலாம்.

கனவான்கள் கைவிட்ட ஊரை எடுத்துக்கொண்டவர்கள் வேறு ரகம். 1876இல் விக்டோரியாவுக்கு வெகு அருகில் வந்திறங்கிய அவர்கள், ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த ஜெர்மானியக் கத்தோலிக்க உழவர்கள். 1763இல் பேரரசி காத்தரீன் வெளிநாட்டாரை அழைத்தபோது, குடியேறுபவர்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். 1874இல் ரஷ்யா கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்ததும் அந்த வாக்கு காற்றில் போனது. இவர்கள் மூட்டை கட்டினார்கள். புது ஊருக்கு, விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்தார்கள்: ஹெர்ட்சோக். சுற்றிலும் காத்தரீன், முன்ஜோர், பைஃபர், லீபென்தால் என்று வோல்காக் கரையே இடம்பெயர்ந்து வந்ததுபோல் ஊர்கள் முளைத்தன. கோயில் கட்டக் கையில் காசில்லாத நாட்களில் ஒரு மரச்சிலுவையை நட்டு, அதன் கீழே கூடிச் செபம் சொன்னார்கள்.

பிறகு ஹெர்ட்சோக்கில் கோயில் கட்டினார்கள். ஒன்று போதாமல் இன்னொன்று, அதுவும் போதாமல் மற்றொன்று. 1908இல் தொடங்கி 1911இல் முடித்த புனித பிதேலிஸ் ஆலயம்தான் இன்று நெடுஞ்சாலையில் போகிறவர்களின் கண்ணில் படுவது. மரமே அரிதான சமவெளியில் 141 அடிக்கு இரட்டைக் கோபுரங்கள். அதைக் கட்டிய கணக்கு சுவாரசியமானது. நற்கருணை வாங்கும் வயது வந்த, 12 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 45 டாலர் கொடுக்க வேண்டும். கூடவே ஆறு வண்டிக் கல் அடிக்க வேண்டும். தாய் தகப்பனும் வயது வந்த ஆறு பிள்ளைகளும் உள்ள வீடு என்றால் 48 வண்டி. சுண்ணாம்புக் கல்லைப் பாறையிலிருந்து பெயர்த்து, குதிரை வண்டியில் ஏற்றி, மைல் கணக்கில் இழுத்து வந்து இறக்க வேண்டும். இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வரி என்றும் சொல்லலாம், ஊர்க் கட்டுப்பாடு என்றும் சொல்லலாம். கொடுக்க முடியாதவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை அந்தக் கோபுரங்கள் சொல்வதில்லை.

அதே கல் வேலிக்கும் ஆனது. வடமத்தியக் கன்சாஸில் முள்கம்பி கட்ட மரக்கம்பம் கிடைக்காததால், பூமிக்கடியிலிருந்து சுண்ணாம்புக் கல்லை நீளவாக்கில் பிளந்தெடுத்துத் தூணாக நட்டார்கள். ஒரு தூணைத் தூக்கி நிறுத்துவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. நூறாண்டு கழித்தும் பல தூண்கள் நிற்கின்றன, கம்பியைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பகுதிப் பண்ணைக்காரரை உழவர் என்பதா, மாடு வளர்ப்பவர் என்பதா? இரண்டும்தான். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை பனிக்காலத்தில் பச்சைப் புல்லாகக் கிடக்கும். அதில் இளங்கன்றுகளை மேயவிட்டு, தண்டு கிளம்பும் முன் மார்ச்சில் வெளியே ஓட்டிவிட்டால், அதே வயல் ஜூன் கடைசியில் கதிரும் கொடுக்கும். கோதுமை பொய்த்தால் மாடு காப்பாற்றும். மாட்டு விலை விழுந்தால் கோதுமை கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்து கவிழ்கிற ஆண்டுகளும் உண்டு.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள் மே 15. அன்று பொலிகாளையை மந்தைக்குள் விட்டால், கணக்குப்படி முதல் கன்று பிப்ரவரி 22ஆம் தேதி வாக்கில் விழும். அதாவது தவக்காலத்தை ஒட்டியோ, தவக்காலத்துக்குள்ளேயோ. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர், அன்றிரவு இரண்டு மணிக்கு டார்ச் விளக்கோடு தொழுவத்துக்கு நடக்கிறார். முதல் ஈத்துக் கிடாரிகளை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் கன்று போய்விடும், சில நேரம் தாயும் போய்விடும். குளம்பு மட்டும் தெரிந்து, கன்று வெளியே வராமல் நின்றால், முழங்கைவரை கையைவிட்டு முன்னங்கால்களில் சங்கிலி மாட்ட வேண்டும். தாய் முக்கும்போது இழுத்து, அது மூச்சு வாங்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். வெளியே வந்து விழுந்தது மூச்சு விடவில்லை என்றால் மூக்குக்குள் வைக்கோலை விட்டுத் தும்ம வைப்பார்கள். பிறகு சீம்பால். தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பைக்குள் கன்றுக்கு வந்து சேர்வதில்லை. முதல் சில மணி நேரத்தில் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு நாள் போய்விட்டால் கன்றின் குடல் அதை ஏற்காது. பனி உறைந்த இரவில் ஈரத்தோடு விறைத்துப்போன கன்றைப் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் போட்டு ஹீட்டரைத் திருப்பிவிடுவதும், வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி அதில் இறக்குவதும் அங்கே சாதாரணம்.

ஞாயிறு ஓய்வுக் கட்டளை என்ன ஆவது என்று கேட்டால், திருச்சபை இதற்கு எப்போதோ வழிவிட்டிருக்கிறது. அவசிய வேலைக்குத் தடையில்லை. கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடமாட்டீர்களா என்று நற்செய்தியிலேயே கேள்வி இருக்கிறது. சிக்கல் வேலையில் இல்லை. அந்த வேலை எதற்காக என்பதில் இருக்கிறது. இப்படி உயிரைக் கொடுத்துப் பிழைக்கவைத்த கன்று அக்டோபரில் ஐந்நூறு பவுண்டு தாண்டும். தாயிடமிருந்து பிரித்துப் பால் மறக்கடிப்பார்கள். இரண்டு மூன்று இரவு வேலியின் இருபுறமும் நின்று தாயும் கன்றும் கதறும். பண்ணை வீட்டில் யாரும் சரியாகத் தூங்க முடியாது. பிறகு ஏலக்கூடம், தீவனக் கொட்டடியில் சில மாதங்கள், கடைசியில் அறுப்புக்கூடம்.

இந்த முரணை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டு விதமாகக் கடந்துபோகிறார்கள். பசும்புல், கன்று, சிவப்புக் களஞ்சியம், பின்னணியில் கோபுரம் என்று நாள்காட்டிப் படமாக்குவது ஒன்று. இவ்வளவு கொல்கிறவனுக்கு என்ன செபம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பது இன்னொன்று. இரண்டு பேருமே அந்த மனிதர் பகலிரவாகச் செய்வதைப் பார்க்கவில்லை. அவர் மாட்டை நேசிப்பதாகவும் சொல்லிக்கொள்வதில்லை, வெறும் சரக்கு என்றும் நினைப்பதில்லை. வலியில் கிடக்கும் மாட்டை வலியோடு விட்டுவைப்பது பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. விற்பது பாவமா என்ற கேள்வி எழுந்ததாகவும் தெரியவில்லை.

திருச்சபையும் அவரிடம் விளையாட்டுக் காட்டியிருக்கிறது. 1966 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் விதியைத் தளர்த்தும்வரை ஆண்டு முழுக்க வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது. நாட்டுக்கே மாட்டிறைச்சி அனுப்பும் வீட்டில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால், வெள்ளிக்கிழமை இரவு டின் மீனோ முட்டையோ மாவுப் பலகாரமோதான். தவக்கால வெள்ளிக்கு அந்த விதி இன்னும் உண்டு. இதன் வியாபாரப் பக்கத்தை முதலில் கண்டுகொண்டது சின்சினாட்டியில் கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ குரோன். வெள்ளிக்கிழமைகளில் பர்கர் விற்காமல் கடை காற்று வாங்கியதால், 1962இல் அவர் மீன் பர்கரைக் கொண்டுவந்தார். மாடு வளர்ப்பவருக்கு அப்படிக் குறுக்குவழி எதுவும் தோன்றியதில்லை. சொந்தச் சரக்கைத் தானே தொடாமல் வாரத்தில் ஒரு நாள் இருப்பது எந்தத் தொழிலிலும் அரிது. தறிக்காரரை வாரம் ஒரு நாள் சட்டை போடாதே என்று யாரும் சொன்னதில்லை.

இசிதோரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்ரிட் நகரப் பக்கத்தில் நிலக்கிழார் ஒருவரிடம் கூலிக்கு ஏர் ஓட்டியவர் அவர். காலையில் பூசைக்குப் போய்விட்டு வேலைக்குத் தாமதமாக வருகிறான் என்று சக கூலிகள் கோள் மூட்ட, முதலாளி மறைந்திருந்து பார்த்தால், இசிதோர் செபத்தில் இருக்க, வானதூதர் ஏர் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மரபுக் கதை. 1622 மார்ச் 12 அன்று ஐந்து பேருக்கு ஒரே நாளில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். இஞ்ஞாசியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி, முத்துக்குளித்துறைக்குப் பழக்கமான நம் சவேரியார், ஐந்தாவதாக இந்தக் கூலி உழவர். 1923இல் எட்வின் ஓஹாரா என்ற குருவின் முயற்சியில் செயின்ட் லூயிஸில் தொடங்கிய தேசியக் கத்தோலிக்கக் கிராம வாழ்வு மாநாடு 1947 முதல் இவரைப் பாதுகாவலராகக் கொண்டாடுகிறது. ஆயிரம் ஏக்கருக்குச் சொந்தக்காரர்கள் காணி நிலம்கூட இல்லாத ஒரு பண்ணையாளைத் தங்கள் புனிதராக ஏற்றுக்கொண்டது வேடிக்கையாகத் தோன்றலாம். அருகில் போய்ப் பார்த்தால் அவ்வளவு வேடிக்கை இல்லை. நிலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. விதைக்கும் தீவனத்துக்கும் ஆண்டுதோறும் கடன். மழை யார் கையிலும் இல்லை. விலையும் அவர் கையில் இல்லை. தன்னுடையது என்று அவர் சொல்வதில் அவர் சொல்படி நடப்பது எது என்று எண்ணினால், கூலிக்காரருக்கும் அவருக்கும் இடையிலான தூரம் பத்திரத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை.

பழைய உரோமைச் சடங்கு நூலில் நோயுற்ற விலங்குகளுக்கு ஒரு மந்திரிப்பு உண்டு. தொழுவத்துக்கு ஒன்று, கால்நடைக்குக் கொடுக்கும் உப்புக்கு ஒன்று. விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்திய மூன்று நாட்களில் வயல்வெளியைச் சுற்றிப் பவனி வந்து மன்றாடுவதும் இருந்தது. படித்த நகரத்துக் கத்தோலிக்கருக்கு இதெல்லாம் கொஞ்சம் கூச்சமான விஷயம். உப்புக்குக்கூடவா செபம்? மேய்ச்சல் நிலத்தில் உப்புக்கட்டி வைப்பவருக்கு அந்தக் கேள்வி வராது. மாட்டுக்கு உப்பு வேண்டும், அதனால் உப்புக்கும் செபம் வேண்டும்.

கன்சாஸ் வானம் வழிபாட்டு நாள்காட்டியோடு விசித்திரமாக இடித்துக்கொண்டும் இருக்கிறது. 1935 ஏப்ரல் 14, வரலாற்றில் ‘கறுப்பு ஞாயிறு’. வறட்சியில் உழுது பொடியாக்கிய மண் மலையளவு சுவராக எழுந்து பகலை இரவாக்கியது. அன்று குருத்து ஞாயிறு. காலையில் குருத்தோலையோடு கோயிலுக்குப் போனவர்கள் பிற்பகலில் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, தடவித் தடவி வீட்டு வாசலைத் தேடினார்கள்.

2017 மார்ச் 6 அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு மறுநாள். ஓக்லஹோமாவில் கிளம்பிய தீ, சூறைக்காற்றில் கன்சாஸின் கிளார்க் கவுண்டிக்குள் புகுந்தது. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து 6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. கன்று ஈனும் பருவம். ஓட முடியாத சினைப்பசுக்கள் வேலியோரம் குவிந்து மாண்டன. ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. செத்தவற்றைவிடக் கொடுமை, பிழைத்தவற்றின் நிலை. குளம்பு கழன்று, மடி வெந்து, கண் தெரியாமல் நின்றவற்றை, பண்ணைக்காரர்கள் துப்பாக்கியோடு போய் ஒவ்வொன்றாகச் சுட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் இரவு விழித்து இழுத்துப்போட்ட கன்றுகளும் அவற்றில் இருந்தன. சில நாட்களில் ஓஹாயோ, மிச்சிகன், கென்டக்கியிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் லாரி லாரியாக வைக்கோல் கட்டுகளை ஓட்டிவந்தார்கள். தவக்கால முதல் வாரத் திங்களன்று எல்லாக் கோயிலிலும் வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 25ஆம் அதிகாரம்: மந்தையை வலம் இடமாகப் பிரிக்கும் இறுதித் தீர்ப்பு, பசித்தவருக்குக் கொடுத்தவர்களின் கணக்கு. தீ மூண்ட நாளின் வாசகமும் அதுதான். இதில் அர்த்தம் தேடுகிறவர்கள் தேடட்டும். வைக்கோல் ஓட்டிவந்தவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

கன்சாஸ் மண்ணிலிருந்து ஒருவர் புனிதர் பட்ட வழியில் இருக்கிறார். பில்சன் என்ற செக் உழவர் ஊரில் 1916இல் பிறந்த எமில் கபவுன். குருவாகி, கொரியப் போரில் பட்டாளத்தோடு போய், சிறைப்பட்டு, 1951 மே 23 அன்று முகாமிலேயே இறந்தவர். 2013இல் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் அளித்தார்கள். முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர் அல்லாதவர்கள், அவருடைய பிரசங்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. கிடைத்த தகரத்தைக் கல்லால் தட்டிப் பாத்திரம் செய்து தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது, களஞ்சியத்தில் புகுந்து தானியம் திருடிக்கொண்டு வந்தது, பேதியில் கிடந்தவர்களின் துணியைத் துவைத்தது ஆகியவற்றைத்தான் சொன்னார்கள். உடைந்ததைக் கடைக்கு எடுத்துப்போக முடியாத பண்ணையில் வளர்ந்த பையனுக்கு இந்த வேலையெல்லாம் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலைக்கு வருவோம். கொழுத்த மாடுகளை வாங்கி அறுப்பதில் 85 சதவீதத்தை நான்கு கம்பெனிகள் வைத்திருக்கின்றன: டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப். 2019 ஆகஸ்டில் கன்சாஸின் ஹோல்கோம்பில் டைசன் ஆலை தீப்பிடித்தது. ஆலை ஒன்று மூடியதும் மாட்டு விலை சரிந்தது. இறைச்சி விலை ஏறியது. 2020இல் கொரோனா ஆலைகளுக்குள் பரவியபோதும் அதே கதை. அறுக்க ஆளில்லாமல் கொட்டடிகளில் மாடு தேங்கி விலை விழ, கடையில் இறைச்சி கிடைக்காமல் விலை எகிறியது. அந்த ஏப்ரலில் ஆலைகள் திறந்திருக்க வேண்டும் என்று ஜனாதிபதி உத்தரவு போட்டார். உள்ளே கத்தி பிடித்து நின்றவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, வியட்நாம், சோமாலியா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள்.

அவர்களில் பலர் கத்தோலிக்கர்கள் என்பதைத்தான் பண்ணைக் கத்தோலிக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பெரிய அறுப்பாலைகள் உள்ள டாட்ஜ் சிட்டியில் 2001இல் அர்ச்சிக்கப்பட்ட பேராலயத்தின் பெயர் குவாதலூப்பே அன்னை. ஸ்பானிஷ் பூசையில் இடம் பிடிக்க முந்த வேண்டும். கிராமங்களில் ஜெர்மானியத் தாத்தாக்கள் கல் சுமந்து கட்டிய கோயில்களில் பாதி இருக்கை காலி. கன்றை இழுத்து வெளியே எடுத்தவரும் அதன் தோலை உரித்தவரும் ஒரே திருச்சபையில், வெவ்வேறு நேரத்துப் பூசைக்கு வந்துபோகிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு மந்திரிப்பு நூலில் இடம் இருக்கிறது. அறுப்பு வரிசையில் எட்டு மணி நேரம் ஒரே வெட்டை வெட்டி மணிக்கட்டு மரத்துப்போனவருக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

கிராமப் பங்குகளுக்குக் குருக்கள் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது. எட்டுப் பிள்ளைகளில் ஒருவரைக் குருமடத்துக்கு அனுப்பிய வீடுகளில் இப்போது இரண்டு பிள்ளைகள், இரண்டும் நகரத்தில். இரண்டு மூன்று ஊர்க் கோயில்களை ஒரே குரு பார்க்கிறார். அமெரிக்கக் கிராமங்களில் அப்படிப் பணியாற்றும் குருக்களில் இந்தியாவிலிருந்து போனவர்களைக் காண்பது இன்று அதிசயமில்லை. அறுவடைக்கு முன் அவர்கள் வயலை மந்திரிக்கும்போது, கோதுமைக் கதிரைவிட நெற்கதிரையே அதிகம் பார்த்த கண்கள் அந்தக் கூட்டத்தில் அவர்களுடையதாக மட்டும் இருக்கக்கூடும்.

இத்தனைக்கும் 2025இல் மாட்டு விலை உச்சத்தைத் தொட்டது. காரணம் சந்தோஷப்படக்கூடியதல்ல. தொடர் வறட்சியில் புல் இல்லாமல் தாய்ப்பசுக்களையே விற்றுவிட்டார்கள். 2025 ஜனவரிக் கணக்கில் அமெரிக்க மாடுகள் 8.67 கோடி, 1951க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. மந்தையைத் திரும்பப் பெருக்க ஒரே வழி, கிடாரிக் கன்றுகளை விற்காமல் நிறுத்துவது. 2025 வசந்தத்தில் பிறந்த கிடாரியை அந்த அக்டோபரில் ஏலத்துக்கு அனுப்பாவிட்டால், 2026 கோடையில் காளையிடம் விடலாம். 2027 வசந்தத்தில் ஈனும். அந்தக் கன்றை விற்றுக் காசு பார்க்க 2027 அக்டோபர் ஆகும். அதுவரை தீவனமும் கடன் வட்டியும் கையிலிருந்து போக வேண்டும். அதற்குள் விலை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 கணக்கெடுப்பில் அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 58.1. எழுபதை நெருங்குபவர்கள் ஏலக்கூடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, எத்தனை கிடாரியை இறக்குவது, எத்தனையை வீட்டுக்குத் திருப்புவது என்று மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக்காரர் எல்லாவற்றையும் இறக்கச் சொல்கிறார். பலர் பாதியை இறக்குகிறார்கள்.